செவ்வாய், வியாழன் மட்டும் வராத பெண்: ஒரு நிகழ்வு ஆய்வு

எங்கள் துறையில் கவுன்சலிங் என்று சொன்னால் பத்துக்கு ஒன்பது பேருக்கு இடமாறுதல் கலந்தாய்வுதான் ஞாபகம் வரும். பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசுகிற கவுன்சலிங் எல்லாம் அதற்கு அப்புறம்தான். எங்கள் பள்ளியில் அதற்கென்று தனி ஆள் கிடையாது. வட மாவட்டம் ஒன்றில் ஆறு முதல் பத்து வரை உள்ள அரசு உயர்நிலைப் பள்ளி; நான் அறிவியல் ஆசிரியை. ஒரு பயிற்சிக்குப் போய்வந்த பாவத்துக்கு மாணவர் ஆலோசனைப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அறை எதுவும் இல்லை. நூலக பீரோவுக்குப் பின்னால் ஒரு பெஞ்ச், அவ்வளவுதான்.

அந்தப் பெஞ்சில் ஒரு வருடம் நடந்ததை எழுதுகிறேன். சம்பந்தப்பட்ட பெண்ணிடமும் அவள் அம்மாவிடமும் கேட்டுவிட்டேன். ஊர், பெயர் எதையும் சொல்லாமல், அடையாளம் தெரியாத அளவுக்குச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

செப்டம்பரில் என்னிடம் வந்தது

எட்டாம் வகுப்பு வகுப்பாசிரியை ஒரு நாள் மாலை ரிஜிஸ்டரைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தார். "இந்தப் பொண்ணு சரியில்லைங்க. ஆறாவதுல நல்லா படிச்சவ. இப்ப அடிக்கடி லீவு, வந்தாலும் பாதி நேரம் பாத்ரூம், மத்தியானம் தூக்கம். ரெண்டு தடவை கிரவுண்ட்ல மயக்கம் போட்டு விழுந்துட்டா. வீட்ல என்னமோ நடக்குது, நீங்க பேசிப் பாருங்க" என்றார். அடிக்கடி பாத்ரூம், மயக்கம், தூக்கம் என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொன்னார். அறிவியல் பாடம் நடத்துகிற எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும், உறைக்கவில்லை.

பதின்மூன்று வயதுப் பெண் வாடிப் போனால் ஆசிரியர் அறையில் உடனே கிளம்புகிற ஊகங்கள் இரண்டு: ஒன்று காதல், இன்னொன்று வீட்டுச் சண்டை. மூன்றாவதாக, பள்ளிக்கு வெளியே இட்டிலிக் கடை வைத்திருக்கும் ஆயா, மைதானத்துப் புளியமரத்தின் மேல் பழியைப் போட்டது. நான் இரண்டாவதைப் பிடித்துக்கொண்டேன். அப்பா லாரி ஓட்டுநர், மாதத்தில் ஐந்தாறு நாள்தான் வீட்டில் இருப்பார். அம்மா ஷூ கம்பெனிக்குப் போகிறார், கம்பெனி வேன் காலை ஆறரைக்கே வந்துவிடும். சரி, தனிமைதான் காரணம் என்று முடிவு கட்டி, வாரம் ஒரு தடவை உட்கார வைத்துப் பேசினேன். மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்தேன். மனதில் உள்ளதை டைரியில் எழுதச் சொன்னேன். அவளும் தலையாட்டினாள், எழுதினாள், அழகான கையெழுத்தில் பக்கம் பக்கமாகப் பொய். நான்கு வாரம் இப்படிப் போனது. அந்த நான்கு வாரமும் அவளிடம் நான் ஒரு தடவைகூட 'உடம்புக்கு என்ன' என்று கேட்கவில்லை. மனசைப் பற்றித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். இதை எழுத இன்றும் கூசுகிறது.

நவம்பர், ஒரு செவ்வாய்க்கிழமை

நான்காவது பீரியட் பி.டி. மைதானத்தை இரண்டு சுற்று ஓடி முடித்து மூன்றாவதில் அவள் உட்கார்ந்தாள், அப்படியே சாய்ந்தாள். சத்தம் கேட்டு நான் ஓடியபோது பி.டி. சார் முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். யாரோ வலிப்பு என்று நினைத்து உள்ளங்கையில் சாவிக் கொத்தைத் திணித்திருந்தார்கள். சட்டை முதுகோடு நனைந்து ஒட்டியிருந்தது. தெளித்த தண்ணீர் என்று நினைத்துத் தொட்டேன், வேர்வை. கை சில்லென்று இருந்தது. கண் திறந்திருந்தாலும் பார்வை என் மேல் இல்லை.

அப்போதுதான் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஒரு பெண் வந்தாள். அவள் பக்கத்தில் உட்காருகிற சிநேகிதி. கையில் ஜாமெட்ரி பாக்ஸ். அதைத் திறந்தால் காம்பஸும் இல்லை, டிவைடரும் இல்லை. மருந்துக் கடைக் காகிதத்தில் மடித்த குளுக்கோஸ் பவுடர் பொட்டலங்கள் நான்கு. ஒன்றைப் பிரித்து, "முழுங்கு, முழுங்குடி" என்று அதட்டிக்கொண்டே கன்னத்தின் உட்புறம் கொஞ்சம் கொஞ்சமாக வைத்தாள். அவளுக்கு விழுங்க முடிந்தது. அப்புறம் இன்னொரு பொட்டலத்தைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தாள். கால் மணி நேரத்தில் பெண் எழுந்து உட்கார்ந்து சாவிக் கொத்தைப் பார்த்து, "இது யாருது?" என்றாள்.

நாங்கள் ஏழெட்டுப் பெரியவர்கள் சுற்றி நின்றோம். அங்கே என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்த ஒரே ஆளுக்கு வயது 13.

என்ன நோய்

முதல் வகைச் சர்க்கரை நோய், அதாவது டைப் 1. இனிப்பு அதிகம் தின்றதால் வந்ததும் இல்லை, பெரியவர்களுக்கு வயதாகி வருவதும் இல்லை. உடம்பின் எதிர்ப்பு சக்தி தன் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களையே எதிரியாக நினைத்து அழித்துவிடுகிறது. அதற்கப்புறம் வெளியிலிருந்து இன்சுலின் போட்டால்தான் உயிர். மாத்திரை, கஷாயம், பாகற்காய் எதுவும் அதற்கு ஈடாகாது. இவளுக்கு ஆறாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையில், தண்ணீர் தண்ணீராகக் குடித்து, எடை குறைந்து, கடைசியில் வாந்தியும் மூச்சிரைப்புமாக அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனபோதுதான் தெரிந்திருக்கிறது. ஒன்பது நாள் உள்ளே இருந்தாள். அன்றிலிருந்து தினம் இரண்டு ஊசி. காலையில் அம்மா வேன் ஏறிப் போனபிறகு, தானே போட்டுக்கொள்வாள்.

பள்ளிக்கு ஏன் சொல்லவில்லை என்று அவள் அம்மாவைக் கேட்டேன். வீட்டு வாசலில் நின்றுதான் பேசினார், குரலைத் தாழ்த்தி. "பொம்பளப் புள்ளைங்க டீச்சர். நாளைக்கு ஒருத்தன் பொண்ணு கேட்டு வந்தா என்ன சொல்றது? எங்க மாமியாருக்கே தெரியாது. மருந்த ஊட்டி மாதிரி குளிர்ல வைக்கணும்னு சொன்னாங்க, எங்ககிட்ட பிரிட்ஜ் இல்ல, பானையில வச்சிருக்கேன். அதையே ஏதோ நாட்டு மருந்துன்னு சொல்லி வச்சிருக்கேன்." உள்ளே கூட்டிப்போய்க் காட்டினார். பெரிய மண்சட்டிக்குள் சின்ன மண்சட்டி, இடையில் ஈர மணல், மேலே ஈரத்துணி, உள்ளே பிளாஸ்டிக் டப்பாவில் குப்பி. பிரிட்ஜ் இல்லாத வீடுகளுக்கு மருத்துவர்களே சொல்லித்தரும் முறைதான் அது, நன்றாகவே செய்திருந்தார். படிக்காத அம்மா என்று யாராவது சொன்னால் அந்தச் சட்டியைக் காட்ட வேண்டும் போல இருந்தது.

இன்னொன்றும் அங்கே பார்த்தேன். ஊசிகளில் சிலவற்றுக்குச் சிவப்பு மூடி, சிலவற்றுக்கு ஆரஞ்சு மூடி. நம் ஊரில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட், அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச். ஆரஞ்சு மூடி 100 யூனிட் மருந்துக்கு. ஆரஞ்சில் 14 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது ஆறு யூனிட்கூட இருக்காது. மருத்துவமனையில் சிரிஞ்ச் தீர்ந்த மாதம் கடையில் கேட்டு வாங்கியதாம். கொடுத்தவரும் பார்க்கவில்லை, வாங்கியவருக்கும் தெரியவில்லை. அடுத்த நாளே மருத்துவமனைக்கு எடுத்துப் போகச் சொன்னேன்.

செவ்வாயும் வியாழனும்

மறுநாள் வருகைப் பதிவேட்டை எடுத்து வைத்துக்கொண்டு கோடு போட்டேன். ஆகஸ்ட் முதல் 19 நாள் விடுப்பு. அதில் 16 நாள் செவ்வாய் அல்லது வியாழன். இரண்டு நாளும் நான்காவது பீரியட் பி.டி. இதை நான்கு மாதமாக யாரும் பார்க்கவில்லை, நானும்தான். நாங்கள் மொத்தத்தைக் கூட்டி எமிஸ் என்கிற கல்வித் துறை இணையதளத்தில் ஏற்றுவோம், கிழமை பார்ப்பதில்லை.

பெஞ்சில் அவளை உட்கார வைத்து, இந்தத் தடவை அறிவுரை எதுவும் சொல்லாமல், அந்தத் தாளை மட்டும் முன்னால் வைத்தேன். ரொம்ப நேரம் பார்த்தாள். அப்புறம் சொன்னாள்: "ஊசி போடாத அன்னிக்கு நான் விழமாட்டேன் மிஸ்."

அந்த ஒரு வரியில் எல்லாம் அடங்கிவிட்டது. அவளுக்குக் கொடுத்திருந்தது கலவை இன்சுலின்; உடனே வேலை செய்யும் பகுதி 30, மெதுவாக வேலை செய்யும் பகுதி 70. காலை ஏழு மணிக்குப் போட்டால் மெதுவான பகுதி வேகம் எடுத்து ரத்தச் சர்க்கரையை இறக்குவது நண்பகல் வாக்கில்; அளவுக்கு மீறி இறங்கினால் மயக்கம். அந்த நேரத்துக்குத்தான் நாங்கள் அவளை வெயிலில் ஓடவிட்டோம், அதுவும் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால். காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு சரி. இவள் வீட்டில் ஏழரைக்குச் சாப்பிட்ட இரண்டு தோசையோடு பன்னிரண்டு மணி வரை இருக்கிறாள். பதினோரு மணிக்கு ஏதாவது சாப்பிட வேண்டும் என்று டாக்டர் சொல்லித்தான் இருந்தார். இன்டர்வெல்லில் தனியாக டப்பாவைத் திறந்தால் 'எங்களுக்கு?' என்று கை நீளும், 'உனக்கு மட்டும் ஏன்?' என்று கேள்வி வரும். அதனால் திறப்பதில்லை.

ஜூலையில் ஒரு தடவை, ஆகஸ்டில் ஒரு தடவை விழுந்தாள். பையன்கள் முன்னால் பாவாடை கலைந்து கிடந்ததாக யாரோ சொன்னது அவளுக்கு மயக்கத்தைவிடப் பெரிய விஷயம். அதற்கப்புறம் அவளே ஒரு தீர்வு கண்டுபிடித்தாள். பி.டி. நாளில் வயிற்றுவலி என்று வீட்டில் இருப்பது. பரீட்சை ஏதாவது இருந்து வந்தே ஆக வேண்டும் என்றால் காலை ஊசியைப் பாதியாகப் போடுவது, இல்லை போடாமலே வருவது. அப்போது விழமாட்டாள், ஆனால் சர்க்கரை ஏறும். ஏறினால் தாகம், தாகம் என்றால் தண்ணீர், அப்புறம் பாத்ரூம். கணக்கு பீரியடில் மூன்றாவது தடவை கேட்டால் திட்டு. மதியம் தூக்கம். நவம்பர் மாதம் அந்தச் செவ்வாய்க்கிழமை ஏன் விழுந்தாள் என்றால், அன்று அம்மா கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு, தன் கையால் முழு அளவும் போட்டு அனுப்பியிருக்கிறார்.

வகுப்பாசிரியை 'சரியில்லை' என்று சொன்ன ஒவ்வொன்றும் ஒரு பிள்ளை யோசித்து எடுத்த முடிவின் விளைவு. ஆபத்தான முடிவுதான். ஊசியை நிறுத்தினால் மறுபடி மூச்சிரைத்து ஐ.சி.யு.வில் போய் நிற்கும், உயிரே போகலாம். அது அவளுக்கும் தெரியும். ஆனால் மைதானத்தில் விழுவது நாளைக்கு, ஐ.சி.யு. எப்போதோ.

ஜாமெட்ரி பாக்ஸ்

இந்த வழக்கில் இரண்டாவதாக ஒரு பிள்ளை இருக்கிறாள், அந்தச் சிநேகிதி. அவளைப் பற்றி யாரும் என்னிடம் புகார் சொல்லவில்லை, ஏனென்றால் அவள் வருகை முழு வருகை. காய்ச்சலோடு வந்திருக்கிறாள். வியாழக்கிழமை நடந்த அத்தை கல்யாணத்துக்குப் போகவில்லை. "நான் வரலைன்னா அவளுக்கு யாரு மிஸ்" என்றாள். ஜூலையில் முதல் தடவை விழுந்தபோது இவளிடம் மட்டும் உண்மையைச் சொல்லி, யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் வாங்கியிருக்கிறாள். அன்றிலிருந்து இவள் தன் காசில் குளுக்கோஸ் வாங்கி மடித்து வைத்திருக்கிறாள். பாக்ஸில் இடம் போதவில்லை என்று காம்பஸையும் டிவைடரையும் எடுத்து வீட்டில் போட்டுவிட்டாள். காம்பஸ் கொண்டுவரவில்லை என்று இரண்டு தடவை கணக்கு வகுப்புக்கு வெளியே நின்றிருக்கிறாள். காரணம் சொல்லவில்லை. சத்தியம்.

தூக்கம் வருகிறதா என்று கேட்டேன். ராத்திரி அவள் செத்துப்போகிற மாதிரி கனவு வருகிறது என்றாள், ஏதோ டிபன் பாக்ஸ் மறந்துவிட்டேன் என்பது போல. அன்று என் வேலை எது என்று எனக்குத் தெளிந்தது. முதலில் இந்த ஜாமெட்ரி பாக்ஸைக் காலி செய்ய வேண்டும். இரண்டு பிள்ளைகளும் சுமப்பதைப் பெரியவர்கள் வாங்கி, மிச்சத்தை டைம்டேபிளில் ஏற்ற வேண்டும். பேச்செல்லாம் அப்புறம்.

செய்தது

முதலில் அலுவலக வழியில் முயன்றேன். வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியர் நல்ல மனிதர், ஆனால் அவர் கவனிக்கும் மாற்றுத்திறன் பிள்ளைகள் பட்டியலில் இவள் வரமாட்டாள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 சொல்லும் 21 வகைகளில் தலசீமியா, ஹீமோபிலியா, அரிவாள் செல் நோய் எல்லாம் இருக்கின்றன. டைப் 1 இல்லை. அதனால் சான்றிதழ் இல்லை, சான்றிதழை ஒட்டி வருகிற உதவிகளும் இல்லை. தேசியக் குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையம் 2023இல் இந்தப் பிள்ளைகளைப் பள்ளிகள் எப்படிக் கவனிக்க வேண்டும் என்று மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. சி.பி.எஸ்.இ. 2017இலேயே இவர்கள் தேர்வறைக்குள் சர்க்கரை மாத்திரை, பழம், தண்ணீர் பாட்டில் கொண்டுபோகலாம் என்று சுற்றறிக்கை விட்டது. நம் வாரியத்துக்கு அது கட்டளை இல்லைதான். இருந்தாலும் அச்செடுத்து ஹெச்.எம். மேசையில் வைத்தேன். படித்துவிட்டு, "இதுக்கு யார்கிட்ட பர்மிஷன் வாங்கணும்? நம்ம ஸ்கூல், நம்ம பொண்ணு" என்றார். அவரிடம் எனக்குப் பல விஷயத்தில் சண்டை உண்டு, அன்றைக்கு மட்டும் கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது.

டாக்டரிடம் அம்மாவும் நானும் போனோம். மருந்தின் அளவு விஷயத்தில் நான் வாயைத் திறக்கவில்லை. பள்ளி மணி அடிக்கும் நேரங்களை மட்டும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அதைப் பார்த்து அவர் அளவைக் கொஞ்சம் மாற்றினார், பி.டி. எந்த நேரத்தில் இருந்தால் தேவலாம், அதற்கு முன் என்ன சாப்பிட வேண்டும் என்று சொன்னார். பி.டி. கடைசி பீரியடுக்குப் போனது. இதற்கு ஒன்பதாம் வகுப்பு, பத்தாம் வகுப்பு எல்லாவற்றையும் கலைத்துப்போட வேண்டியிருந்தது. மூன்று நாள் சண்டை, அதை விவரிக்க வேண்டாம். இன்டர்வெல்லில் எட்டாம் வகுப்பு மொத்தமும் ஏதாவது தீனி கொண்டுவந்து சாப்பிடலாம் என்று ஆக்கினோம். சுண்டல், வேர்க்கடலை, வாழைப்பழம் என்று பிள்ளைகள் கொண்டுவர, அவள் டப்பா அதில் ஒன்றாகக் கலந்துபோனது. சத்துணவு வரிசையில் பெரிய வகுப்புகள் கடைசியில்தான் நிற்கும்; அமைப்பாளர் அக்கா காதில் போட்டதும், 'தட்டு எடுத்து வைக்க ரெண்டு பேர் வாங்க' என்று இவர்கள் இரண்டு பேரையும் தினம் முதலில் கூப்பிட்டு, முதலில் பரிமாறிவிடுகிறார். எனக்கு அந்த யோசனை வந்திருக்காது.

குளுக்கோஸ் டப்பா பி.டி. அறையில் ஒன்று, ஆசிரியர் அறையில் ஒன்று, ஹெச்.எம். அறையில் ஒன்று. ஆசிரியர் அறை பீரோ கதவின் உட்புறம் ஒரு தாள் ஒட்டினோம்: நடுக்கம், வேர்வை, உளறல், திடீர் கோபம் என்றால் உடனே மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ், கால் மணி கழித்து மீட்டரில் சர்க்கரை பார்த்து, இன்னும் 70க்குக் கீழே இருந்தால் மறுபடி, தனியாக அனுப்பக் கூடாது, நினைவு இல்லையென்றால் வாயில் எதையும் போடாமல் ஒருக்களித்துப் படுக்க வைத்து 108. சாவிக் கொத்து வேண்டாம் என்று பி.டி. சார் தானே கீழே எழுதிவைத்தார்.

ஆசிரியர்களுக்குச் சொல்ல அம்மா கடைசியில் ஒத்துக்கொண்டார். வகுப்புக்குச் சொல்லக் கூடாது என்றார். "பேர் சொல்லாம சொல்லுங்க மிஸ்" என்றாள் அவள்.

சொன்னேன். டொரோண்டோவில் 1922 ஜனவரியில் லியோனார்டு தாம்சன் என்ற 13 வயதுப் பையனுக்கு முதல் இன்சுலின் ஊசி போட்ட கதை. முதல் ஊசி ஒத்துக்கொள்ளாமல், இன்னும் சுத்தப்படுத்தி 12 நாள் கழித்துப் போட்டது வேலை செய்த கதை. ஒட்டுவாரொட்டியா என்று கேட்டான் ஒருவன், இல்லை என்றேன். அப்புறம் கடைசி பெஞ்சிலிருந்து, "அவரு எத்தனை வருசம் இருந்தாரு மிஸ்?" இதற்கு நான் தயாராக இல்லை. 1935இல், 26 வயதில், நிமோனியாவில் இறந்தார். பொய் சொல்ல ஒரு கணம் நாக்கு வளைந்தது. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். உண்மையைச் சொன்னேன். அன்றைய மருந்து வேறு, இன்றைய மருந்து வேறு, இன்றைக்கு இதோடு பேரன் பேத்தி எடுத்தவர்கள் இருக்கிறார்கள் என்றும் சொன்னேன். மதியம் பெஞ்சுக்கு வந்து, "26ன்னா, பதிமூணு வருசம் எக்ஸ்ட்ரா மிஸ். அந்தக் காலத்துலயே" என்று கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டுப் போனாள்.

ஏப்ரல் வரை

டிசம்பருக்கு அப்புறம் செவ்வாய், வியாழன் விடுப்பு மொத்தம் இரண்டு. மைதானத்தில் விழவில்லை; சர்க்கரை இறங்கி 'லோ' ஆனது பல தடவை, ஆனால் அவளே உட்கார்ந்து சொல்லிவிடுகிறாள். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி குறைந்திருக்கிறது, இன்னும் குறைய வேண்டும் என்று டாக்டர் சொல்கிறார். மீட்டரில் செருகும் ஸ்ட்ரிப் விலை கட்டுப்படியாகாமல் நினைத்தபோதெல்லாம் பார்க்க முடிவதில்லை; அதற்கு வழி எதுவும் என்னிடம் இல்லை. பாத்ரூமுக்கு இனிக் கேட்க வேண்டாம், எழுந்து போகலாம் என்று சொல்லியும் கணக்கு சார் இன்னும் பெருமூச்சு விடுகிறார். அம்மாவின் மாமியாருக்கு இன்றும் அது நாட்டு மருந்துதான். சிநேகிதி பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை லீவு போட்டாள். காரணம் கேட்டேன். "சும்மாதான் மிஸ்" என்றாள். அவ்வளவு சந்தோஷமாக நான் எந்த விடுப்பையும் பதிவு செய்ததில்லை.

இந்தக் கோடையில் எனக்கு அந்த இன்னொரு கவுன்சலிங் வரலாம். அதனால் அடுத்து வருபவருக்காக ஒரு பக்கக் குறிப்பு எழுதி, அவளிடமே படித்துப் பார்க்கக் கொடுத்தேன். என் சிவப்புப் பேனாவை வாங்கிக்கொண்டாள். 'லோ ஆனால் அவளுக்குப் பிடித்த தேன்மிட்டாய் கொடுக்கலாம்' என்று நான் எழுதியிருந்த வரியை அடித்தாள். "அதை மென்னு முழுங்கவே நேரம் ஆயிடும் மிஸ். குளுக்கோஸ்னு போடுங்க. தேன்மிட்டாய் சும்மா இருக்கும்போது குடுத்தா போதும்."

சிநேகிதி பக்கத்தில் உட்கார்ந்து, காம்பஸால் பெஞ்சின் ஓரத்தில் வட்டம் போட்டுக்கொண்டிருந்தாள். நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.